பாடும் பாடமும்

(கோட்டைக்குப்பத்தில் நடைபெற்ற கழகத்தின் வெள்ளி விழாக் கல்வியரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

     

'கற்றல் கோட்பாடுகளும் நம் பிள்ளைகளும்' என்னும் பொருள்பற்றி உரையாற்றுமாறு செயலாளர் அவர்கள் என்னைப் பணித்தார்கள். கோட்பாடுகளை விளக்கும் நூல்களுக்குப் பஞ்சமில்லை. அவற்றைச் சுமந்துகொண்டு வந்து உங்கள் முன் விரிக்க எனக்கு மனம் வரவில்லை. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு இடுப்பளவு நீரில் இறங்குகிற தாய்மார்கள் இங்கே அமர்ந்திருக்கிறீர்கள். ஆகவே நூல்களுக்கு மாற்றாக ஒன்பது குறிப்பேடுகளைக் கொண்டுவந்திருக்கிறேன்.

இவை ஆசிரியப் பயிற்சி பெறும் மாணவர்கள் எழுதியவை. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2014ஆம் ஆண்டில் வகுத்த விதிமுறைகளின்படி பி.எட். படிப்பு ஈராண்டாயிற்று, அதனுள் 20 வாரங்கள் பள்ளிகளில் பயிற்சி பெறவேண்டும் என்றும் ஆயிற்று. அவ்வாறு பள்ளிக்குச் செல்லும் மாணவ ஆசிரியர் ஒவ்வொரு நாளும் தாம் நடத்திய பாடத்தைப் பற்றித் தாமே சிந்தித்து எழுதவேண்டும். வழிகாட்டி என்ற முறையில் அவற்றைப் படிப்பது என் கடமை. ஒன்பதின்மரில் மூவர் இக்கழகத்தின் மாலை வகுப்புகளில் பயின்றவர்கள் என்பதை இவ்விழா மேடையில் கூறுவதில் மகிழ்ச்சி அடைகிறேன். எழுதியவர் இன்னார் என்றோ, பள்ளி இன்னது என்றோ சொல்லமாட்டேன். அந்தப் பிள்ளைகள் இன்னும் அதே வகுப்பறைகளில்தான் அமர்ந்திருக்கிறார்கள்.

முதற் குறிப்பேட்டில் ஒரு சினம் தெரிகிறது. தார்ண்டைக் என்னும் அறிஞர் 1898ஆம் ஆண்டில் பூனைகளைக் கூண்டில் அடைத்து, அவை தாழ்ப்பாளைத் திறந்து வெளிவரக் கற்பதை ஆராய்ந்தார். பின்னர் ஸ்கின்னர் எலிகளையும் புறாக்களையும் கொண்டு ஆராய்ந்தார். இதைப் படித்த மாணவர், பூனையிடமும் புறாவிடமும் கண்டதை மனிதக் குழந்தையின்மேல் ஏற்றுவது இழிவல்லவா என்று கேட்டிருக்கிறார். விலங்கினும் கீழாக நடத்தப்பட்ட வரலாறு உடைய நமக்கு இச்சினம் வருவதில் வியப்பில்லை. ஆயினும் நான் அவருடன் முழுதும் உடன்படவில்லை. 1953இல் ஸ்கின்னர் தம் மகளின் கணக்கு வகுப்பைப் பார்க்கச் சென்றார். பிள்ளைகள் கணக்குகளைப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். எது சரி, எது பிழை என்பது உடனே எவருக்கும் தெரியவில்லை. திருத்திய தாள் பின்னொரு நாள்தான் வரும். அதைக் கண்டு வருந்தித்தான், சிறுசிறு படியாகக் கற்பித்து உடனுக்குடன் விடையைச் சரிபார்க்கும் கருவி ஒன்றை அவர் அமைக்கத் தொடங்கினார். எழுதப் படிக்கத் தெரிந்த பெற்றோர் உள்ள வீட்டில் பிழையைத் திருத்த ஒருவர் இருப்பார். முதல் தலைமுறையாகப் படிக்கும் பிள்ளைக்கு யார் இருக்கிறார்? பிழையோடு உறங்கி, பிழையோடு எழுகிறது அது. மாலை வகுப்பில் ஓர் அண்ணனோ அக்காவோ அருகமர்ந்து 'இது சரி, இதை மறுபடி பார்' என்று சொல்வது எளிய செயலாகத் தோன்றலாம். அந்த எளிய செயலின் பயன்தான் இன்று இம்மேடையில் சால்வை பெற்ற இளைஞர்கள்.

அடுத்து பியாஜே. 1896இல் பிறந்த சுவிட்சர்லாந்து நாட்டு அறிஞர். அகன்ற குவளையில் உள்ள நீரை ஒடுங்கிய உயரமான குவளையில் ஊற்றி, நீர் கூடிற்றா, குறைந்ததா, அவ்வளவேதானா என்று குழந்தைகளைக் கேட்டவர். ஏறத்தாழ ஏழு வயதுக்குட்பட்ட குழந்தைகள் பெரும்பாலும் 'கூடிவிட்டது' என்பார்கள். ஒரு மாணவி இச்சோதனையை இரண்டாம் வகுப்பில் நீரைக்கொண்டு செய்யாமல் சிப்பிகளைக் கொண்டு செய்தார். கூறாகக் குவித்தும் பரப்பியும் காட்டினார். இறால் கூறு போடுவதை நாள்தோறும் காண்கிற சிறுமி ஒருத்தி, 'பரப்பினால் பெருசாத் தெரியும் டீச்சர், ஆனா அதேதான்' என்றாளாம். ஒரு சிறுமியின் விடையை வைத்து முடிவு கட்டலாகாது என்று மாணவிக்குச் சொன்னேன். ஆனால் அதற்கு ஒப்பான ஆராய்ச்சி உண்டு. மெக்சிகோ நாட்டில் மட்பாண்டம் வனையும் குடும்பத்துப் பிள்ளைகளை ஆராய்ந்த பிரைஸ் வில்லியம்ஸும் அவர் தோழர்களும், களிமண்ணின் அளவு வடிவம் மாறினும் மாறாது என்பதை அப்பிள்ளைகள் மற்றப் பிள்ளைகளைவிட நன்கு உணர்ந்திருந்ததாக 1969இல் எழுதினார்கள். கை பழகியதை மனம் முந்தி அறிகிறது.

இதனினும் நம்மைத் தொடும் ஆராய்ச்சி ஒன்று பிரேசில் நாட்டின் ரெசிஃபி நகரில் நடந்தது. தெருவில் தேங்காயும் பழமும் விற்ற சிறுவர் ஐவரிடம் ஆராய்ச்சியாளர்கள் வாங்குவோர்போலச் சென்று கணக்குக் கேட்டார்கள். நூற்றுக்கு 98 விடைகள் சரியாக இருந்தன. அதே கணக்குகளைத் தாளில் எண்களாக எழுதிக் கொடுத்தபோது நூற்றுக்கு 37தான் சரியாக இருந்தன. 1985இல் வெளிவந்த அந்த ஆய்வு, கணக்குத் தெரியாதவர் யார், கணக்கைக் கேட்கத் தெரியாதவர் யார் என்று ஆசிரியரை நோக்கித் திருப்பிக் கேட்கிறது. நம் குறிப்பேட்டிலும் ஒரு சிறுமி வருகிறாள். கரும்பலகையில் கடன் வாங்கிக் கழிக்கத் தடுமாறும் அவள், தாயோடு விற்கப்போன நாளின் கணக்கைக் காசு பிசகாமல் சொல்கிறாள். இதைப் படித்து அகமகிழ்ந்த மாணவர், பிள்ளைகள் வேலைக்குப் போவதும் ஒரு கல்விதான் என்று ஒரு வரி எழுதிவிட்டார். அவ்வரியை அடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். வறுமையினால் வந்த திறமையை வகுப்பறையில் மதிக்கவேண்டும். அத்திறமைக்காக வறுமையைப் போற்றலாகாது.

இதுவரை சொன்னவை எளியவை. குறிப்பேடுகள் என்னை உறங்கவிடாமற் செய்தது இனிமேற்சொல்லும் செய்தியில்தான்.

'குழந்தை அறிந்ததிலிருந்து தொடங்கு' என்பது இன்றைய கல்வியியலின் முதல் விதி. பியாஜேயும் வைகாட்ஸ்கியும் புரூனரும் வெவ்வேறு பாதையில் வந்து இவ்விடத்தில் கூடுகிறார்கள். நம் மாணவர்களும் அதைப் பின்பற்றி 'நம் ஊர் ஏரி' என்று பாடம் அமைத்தார்கள். வலையும் படகும் வரைந்தார்கள். 'ஏரியில் மீன் பிடிப்பது எப்படி? தெரிந்தவர் எழுந்து சொல்லுங்கள்' என்றார்கள். பாதி வகுப்பு எழுந்து நின்று கூவியது. மறுபாதி தலை குனிந்திருந்தது. அந்த மறுபாதிக்கு ஏரியே தெரியாதா? அதன் தாயும் தகப்பனும் அந்த ஏரியில்தானே உயிர் வளர்க்கிறார்கள்! பின் ஏன் வாய் திறக்கவில்லை?

வெளியூரிலிருந்து வந்திருக்கும் விருந்தினர்களுக்காக இதனைச் சற்று விரித்துரைக்கிறேன். பழவேற்காடு ஏரியில் 'பாடு' என்றொரு முறை உண்டு. மீன் நிறைய விழும் இடங்கள் சில. எல்லாரும் அங்கேயே படகைச் செலுத்தினால் சண்டை மூளும். ஆகவே கோட்டைக்குப்பம் போன்ற ஊர்களின் பட்டினவர் சமூகத்து மீனவர்கள் சீட்டுக் குலுக்கி, இன்னாருக்கு இன்ன முறை, இன்ன இடம் என்று வகுத்துக்கொள்கிறார்கள். நல்ல இடமும் அல்லாத இடமும் எல்லாருக்கும் மாறிமாறி வரும். அரசின் சட்டம் எதுவும் இன்றித் தலைமுறை தலைமுறையாக ஒழுங்காக நடந்துவரும் இம்முறையைப் பொதுவளங்களை ஆராயும் அறிஞர்கள் எடுத்துக்காட்டாகப் பேசுகிறார்கள். அப்பாராட்டு தகும். ஆனால் அச்சீட்டில் பெயர் இருக்கவேண்டுமானால் அச்சமூகத்தில் பிறந்திருக்கவேண்டும். பட்டியல் சாதி மக்களுக்கும் இருளர் பழங்குடியினருக்கும் அதில் இடமில்லை. அவர்களுள் பலர் கரையோரத்து ஆழமற்ற நீரில் சேற்றைத் துழாவிக் கையால் இறால் பிடிக்கிறார்கள். இரண்டு கைகளும் நீருக்குள் இருப்பதால் பனையோலைப் பறியைப் பல்லால் கடித்துக்கொள்கிறார்கள். உள்ளே நீதியும் வெளியே கதவும் உடையது பாடு.

இனி வகுப்பறைக்கு வருவோம். வலையும் படகும் வரைந்த கரும்பலகை ஏரியின் ஒரு பாதியை மட்டுமே வரைந்திருந்தது. கையால் இறால் தடவுவதும் ஏரித் தொழில்தான் என்று அப்படம் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் மற்றொரு இடர் வந்திருக்கும்: எழுந்து நின்று 'எங்கள் வீட்டில் கையால் பிடிப்போம்' என்று சொல்லும் பிள்ளை, தன் தெருவையும் தன் சாதியையும் அவையறியச் சொன்னதாகிறது. ஒரு மாணவி இதனை மிகத் தெளிவாக எழுதியிருக்கிறார்: பிள்ளையின் அனுபவத்தை வகுப்புக்குள் அழைத்தேன், அதன் பின்னாலேயே ஊரும் வந்துவிட்டது என்கிறார்.

இந்த இடத்தில்தான் டியூயியை நினைக்கவேண்டும். 1913இல் அமெரிக்கா சென்று கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பயின்ற அண்ணல் அம்பேத்கருக்கு அங்கே ஆசிரியராக விளங்கியவர் ஜான் டியூயி. குழந்தையின் வாழ்விலிருந்தே கல்வி தொடங்கவேண்டும் என்று உலகிற்கு உரைத்தவர்களுள் தலையானவர் அவர். ஆனால் அவரே 1916இல் வெளிவந்த 'ஜனநாயகமும் கல்வியும்' என்னும் நூலில், ஒரு சமுதாயம் தன்னிடம் உள்ள அனைத்தையும் பிள்ளைகளிடம் கொடுத்துவிடக் கூடாது, மேலான எதிர்காலத்திற்கு உதவுவதையே தெரிந்தெடுத்துக் கொடுக்கவேண்டும் என்ற கருத்தையும் வற்புறுத்தினார். இக்கருத்தை அம்பேத்கர் மறக்கவில்லை. 1936இல் அச்சிட்ட 'சாதி ஒழிப்பு' உரையில், தம் ஆசிரியர் என்று நன்றியோடு குறிப்பிட்டு இதனையே எடுத்தாண்டார். (அழைத்தவர்கள் பின்வாங்கியதால் மேடையில் பேசப்படாமலே போன உரை அது. பேசிய உரைகள் பலவற்றை உலகம் மறந்துவிட்டது. பேசாத அவ்வுரையை இன்றும் படிக்கிறது!) நம் கல்லூரிகளில் டியூயியின் முற்பாதியை மட்டும் கற்பித்துவிட்டுப் பிற்பாதியை விட்டுவிடுகிறோம் என்பது என் கருத்து. ஊரின் அறிவை வகுப்புக்குள் கொண்டுவா என்கிறோம். ஊரின் அறிவோடு ஊரின் அடுக்கும் வரும். எதை வாசலில் நிறுத்துவது என்பதைச் சொல்வதில்லை.

'இடைவினைக் கற்றல்' என்று இன்று எங்கும் பேசப்படுகிறது. ஆசிரியர் மட்டுமே பேசாமல் பிள்ளைகள் எழுந்து வந்து, பேசி, செய்து, தமக்குள் கலந்து கற்பது. நல்ல முறை, ஐயமில்லை. ஆனால் அது தானாகவே சமத்துவம் தந்துவிடும் என்று நம்பலாகாது. அம்பேத்கரின் பள்ளி நாட்களில் நடந்ததாக வரலாற்று நூல்கள் கூறும் நிகழ்ச்சி ஒன்றை நீங்கள் அறிவீர்கள். பம்பாய் எல்பின்ஸ்டன் பள்ளியில் கணக்கொன்றைச் செய்துகாட்ட ஆசிரியர் அவரைக் கரும்பலகைக்கு அழைத்தார். அவர் எழுந்து நடந்ததும் மற்ற மாணவர்கள் ஓடிவந்து, கரும்பலகையின் பின்னே வைத்திருந்த தங்கள் உணவுப் பாத்திரங்களை அகற்றிக்கொண்டார்கள். ஆசிரியர் அழைத்தது நல்லெண்ணத்தினால்தான். பாத்திரங்கள் எங்கே இருக்கின்றன என்பதை மட்டும் அவர் எண்ணிப் பார்க்கவில்லை. பாடத்திட்டம் எழுதும்போது நாம் எண்ணிப் பார்க்கவேண்டியது அதைத்தான்.

இன்று பாத்திரத்தை எவரும் ஓடிவந்து அகற்றுவதில்லை. ஆனால் நான்கு குறிப்பேடுகளில் ஒரே செய்தி வருகிறது. 'குழுக்களாக அமருங்கள்' என்று ஆசிரியர் சொன்னார். பிள்ளைகள் தெருவாரியாக அமர்ந்தார்கள். எவரும் கற்றுக்கொடுக்கவில்லை, எவரும் தடுக்கவுமில்லை. நட்பின்படி அமர்ந்தோம் என்றே பிள்ளைகள் நினைத்தார்கள். தெரு எதுவோ அதுதானே நட்பும்! வகுப்பறை சில மணித்துளிகளில் ஊரின் வரைபடமாயிற்று. வரிசையாக அமர்ந்து கேட்கும் பழைய வகுப்பில்கூட இவ்வளவு அப்பட்டமாக அது தெரிந்ததில்லை.

வைகாட்ஸ்கி சொன்ன வழியில், நன்கறிந்த பிள்ளை அறியாத பிள்ளைக்கு உதவுமாறு இணைத்துப் பார்த்தார் ஒருவர். பிள்ளை தனியே செய்ய இயல்வதற்கும், பிறர் துணையோடு செய்ய இயல்வதற்கும் இடையே உள்ள வெளியில்தான் கற்றல் நிகழ்கிறது என்பது அந்த ருசிய அறிஞரின் கொள்கை. அத்துணையைக் கொத்தனார் கட்டும் சாரத்திற்கு ஒப்பிட்டார்கள் புரூனரும் அவர் தோழர்களும், 1976இல். சுவர் எழும்பியதும் சாரத்தைப் பிரித்துவிடவேண்டும். ஆனால் நம் மாணவர் கண்டது என்ன? உதவும் பிள்ளைகள் என்றும் ஒரே பக்கத்தார், உதவி பெறுவோர் என்றும் மறுபக்கத்தார். சாரம் பிரிக்கப்படவே இல்லை. அது படிக்கட்டாகி, மேலிருப்போர் கீழிருப்போர் ஆகிவிட்டார்கள். எப்பிள்ளைக்கும் பிறர்க்குக் கொடுக்க ஏதேனும் ஒன்று இருக்குமாறு பாடத்தை அமைத்தாலன்றி, உதவி என்பதும் ஒருவகைத் தாழ்த்துதலே.

இச்சிக்கலுக்கு அமெரிக்க நாட்டிலிருந்து ஒரு வழி கிடைத்தது. கறுப்பினத்தாரையும் வெள்ளையரையும் தனித்தனிப் பள்ளிகளில் பிரிப்பது சட்டத்திற்கு மாறானது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1954இல் தீர்ப்பளித்தது. அதன் பின்னும் பல்லாண்டு கழித்தே டெக்சஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் பிள்ளைகள் ஒன்றாக அமர்த்தப்பட்டார்கள். ஒன்றாக அமர்ந்ததும் பகை குறையவில்லை, மூண்டது. எலியட் ஆரன்சன் என்னும் உளவியல் அறிஞர் 1971இல் அங்கே ஒரு முறையை வகுத்தார். ஒரு பாடத்தைத் துண்டுகளாக்கி, குழுவில் ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரு துண்டைக் கொடுப்பது. ஒருவர் துண்டு மற்றவரிடம் இல்லை. எல்லாரும் எல்லார்க்கும் சொன்னாலன்றிப் பாடம் முழுமை பெறாது. வெட்டிய படத்துண்டுகளைச் சேர்க்கும் விளையாட்டுப்போல. எவரை ஒதுக்கினாலும் படத்தில் ஓட்டை விழும்.

நம் மாணவிகள் இருவர் இதனை ஏரிப் பாடத்திற்கு எடுத்துக்கொண்டார்கள். ஏரியை ஆறு துண்டாக்கினார்கள்: கடலோடு ஏரியைச் சேர்க்கும் முகத்துவாரம், அது தூர்ந்தால் நீரின் உப்பு மாறுவது, ஆரணியாறு கொண்டுவரும் நன்னீர், வலையும் படகும், கையால் தடவிப் பிடித்தல், பூநாரை முதலிய பறவைகள். யாருக்கு எந்தத் துண்டு? இங்கேதான் அவர்களின் நுட்பத்தைக் கண்டேன். கையால் பிடிக்கும் வீட்டுப் பிள்ளைக்கே அத்துண்டைக் கொடுத்தால் அது பிள்ளையின் நெற்றியில் சாதியை எழுதுவதாகும் என்று உணர்ந்து, சீட்டுக் குலுக்கினார்கள். பாட்டுக்குச் சீட்டுக் குலுக்குவதை அறிந்த பிள்ளைகள் அல்லவா! ஆரவாரத்தோடு எடுத்தார்கள். இம்முறை எல்லார் பெயரும் உள்ள சீட்டு. படகு வீட்டுப் பையனுக்குக் கை இறால் வந்தது. இறால் தடவும் வீட்டுச் சிறுமிக்கு வலை வந்தது. ஒருவர் மற்றவரிடம் கேட்டே தீரவேண்டும்.

கேட்கப் பிள்ளைகளைத் தெருவுக்கு அனுப்பலாமா என்று எண்ணி, அது வேறு வம்பில் முடியும் என்று விட்டுவிட்டார்கள். மாறாகப் பெரியவர்களைப் பள்ளிக்கு அழைத்தார்கள். வலைகட்டும் முதியவர் ஒருவரும், இறால் தடவும் அம்மையார் ஒருவரும் ஒரே நாளில் வந்தார்கள். இரண்டு நாற்காலிகள், ஒரே உயரத்தில். அம்மையார் உட்காரத் தயங்கித் தரையில் அமரப் போனார் என்றும், மாணவியும் உடனமரப்போவதைக் கண்டு நாற்காலிக்கு வந்தார் என்றும் குறிப்பேட்டில் உள்ளது. சேற்றில் காலை வைத்தவுடன் இறால் இருக்கும் இடம் எப்படித் தெரியும், நீர் கலங்கினால் என்ன பொருள், எந்தப் பருவத்தில் எது வரும் என்று அவர் சொல்லச் சொல்ல, வலைகட்டும் முதியவரும் இரண்டு கேள்வி கேட்டாராம். இவ்வரிக்குக் கீழே நான் சிவப்பு மையால் கோடிட்டேன்.

இனி, தீராத ஒன்றைச் சொல்கிறேன். பிரேசில் நாட்டுப் பாவ்லோ ஃபிரைரே 1963இல் அங்கிகோஸ் என்னும் சிற்றூரில் ஏறத்தாழ 300 தொழிலாளருக்கு நாற்பது மணி நேர வகுப்புகளில் எழுத்தறிவித்தார். மறு ஆண்டு இராணுவ ஆட்சி வந்ததும் அவரைச் சிறையிலிட்டது. பின்னர் அவர் நாட்டைவிட்டே வெளியேற நேர்ந்தது. எழுத்துக் கற்பித்தவரை ஏன் சிறையிலிட வேண்டும்? அவர் அகரவரிசையிலிருந்து தொடங்கவில்லை. அம்மக்களின் வாழ்வை ஆட்டிப் படைக்கும் சொற்களிலிருந்து தொடங்கினார். சொல்லைப் பிரித்தால் எழுத்து வரும். சொல்லைப் பேசினால் வாழ்க்கை வரும். இதைப் படித்த ஒரு மாணவி, ஏரிக்கரைக்கு அத்தகைய சொல் எது என்று தேடி, 'பாடு' என்னும் சொல்லைத் தெரிந்தெடுத்தார். ஐந்தாம் வகுப்பு. கரும்பலகையில் எழுதிப் பொருள் கேட்டார். 'பாட்டுப் பாடு' என்றது ஒரு பிள்ளை. 'எங்கப்பாவுக்கு நாளைக்குப் பாடு' என்றது மற்றொன்று. 'எங்கம்மா படுற பாடு' என்றது இன்னொன்று. தமிழ்மொழி ஒரே சொல்லுக்குள் இவ்வளவையும் வைத்திருக்கிறது. பாடம் அழகாக நடந்துகொண்டிருந்தபோது பின்வரிசையிலிருந்து ஒரு சிறுவன் கேட்டான்: 'எங்கப்பாவுக்கு ஏன் டீச்சர் பாடு இல்ல?' முன்வரிசையிலிருந்து பதிலும் வந்தது: 'உங்களுக்கெல்லாம் கிடையாது.'

அன்றைய குறிப்பு அரைப்பக்கத்தில் நின்றுவிடுகிறது. மறுநாள் அவர் என்ன செய்தார் என்பது அடுத்த பக்கத்தில் இருக்கிறது. இந்தப் பிள்ளையைச் சமாதானப்படுத்தவும் இல்லை. அந்தப் பிள்ளையைக் கடிந்துகொள்ளவும் இல்லை. இரண்டும் பத்து வயது. வகுத்தது அவர்கள் அல்லர். பெரிய தாள் ஒன்றைச் சுவரில் ஒட்டி, 'விடை வேண்டாம், கேள்விகளை மட்டும் எழுதுங்கள்' என்றார். எத்தனை படகு, எத்தனை இடம்? எல்லாரும் ஒரே நாளில் போனால் மீன் மிஞ்சுமா? பாட்டை முதலில் வகுத்தது யார்? புதிதாக ஒருவரைச் சேர்க்க யாரைக் கேட்கவேண்டும்? ஏரி யாருடையது? முகத்துவாரம் தூர்ந்து மீன் குறைந்தால் பாடு உள்ளவர்களுக்கும் பாடு ஏது? கடைசிக் கேள்வியை எழுதியது முன்வரிசைப் பிள்ளை. ஒன்றிற்கும் விடை எழுதப்படவில்லை. பயிற்சி முடிந்து மாணவி திரும்பும்வரை அத்தாள் சுவரில் இருந்தது.

இதைக் கேட்ட வேறொரு மாணவர் கடுமையான வழியொன்றைச் சொன்னார். மார்ட்டின் லூதர் கிங் 1968இல் கொல்லப்பட்ட மறுநாள், அமெரிக்காவில் ஜேன் எலியட் என்னும் ஆசிரியை தம் வகுப்பைக் கண்ணின் நிறத்தால் இரண்டாகப் பிரித்து, ஒரு நாள் ஒரு சாராரைத் தாழ்த்தியும் மறுமுறை மற்றவரைத் தாழ்த்தியும் நடத்தி, ஒதுக்கப்படுவதன் வலியை உணரச் செய்தார். அதனை இங்கே செய்தால் என்ன என்று கேட்டார். நான் இசையவில்லை. அந்த வகுப்பில் இருந்தவர்கள் வெள்ளையர் வீட்டுப் பிள்ளைகள். ஒதுக்கப்படுவது அவர்களுக்குப் புதிது. நம் வகுப்பில் பாதிப் பேருக்கு அது பழையது. அறிந்த வலியை மறுபடியும் ஊட்டிக் கற்பிக்கவேண்டிய பாடம் எதுவும் இல்லை. அவருக்கு இன்னும் என்மேல் மனத்தாங்கல் உண்டு, இருக்கட்டும்.

உள்ளடக்கிய கல்வி என்றால் உடற்குறை உடைய பிள்ளைகளைச் சேர்ப்பது என்று மட்டும் பலர் கருதுகிறார்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதனை உரிமையாக்கியுள்ளது. பார்வை குன்றிய சிறுவன் ஒருவனுக்காக ஒரு மாணவர் மீன் படங்களை விட்டுவிட்டு மடவையையும் கெளுத்தியையும் நண்டோட்டையும் கையில் கொடுத்துக் கற்பித்தார். கெளுத்தியின் முள்ளை முதலில் ஒடித்துவிட்டார் என்பதையும் எழுதியிருக்கிறார்! அச்சிறுவனுக்காகச் செய்தது வகுப்பு முழுவதற்கும் பயன்பட்டது. அவ்வளவு சொன்னால் போதும்.

வராத பிள்ளையைப் பற்றிச் சற்று விரிவாகப் பேசவேண்டும். இறால் மிகும் மாதங்களில் இருளர் குடும்பங்களும் நம் குடும்பங்கள் சிலவும் பிள்ளைகளோடு இடம்பெயர்கின்றன. திரும்பி வரும் பிள்ளைக்கு வகுப்பு எங்கோ போயிருக்கும். இதற்கு ஒரு மருந்து நம் மாநிலத்தில் இருந்தது. ஆந்திரத்தின் மதனப்பள்ளிக்கு அருகில் உள்ள ரிஷி வேலியின் கிராமப் பள்ளிகளில் உருவான அட்டை முறையைப் பின்பற்றி, சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் 2003இல் செயல்வழிக் கற்றல் தொடங்கப்பட்டது. 2007ஆம் ஆண்டளவில் அது தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கெல்லாம் பரவிற்று. பாய் விரித்துத் தரையில் அமர்ந்து, ஏணிப்படிபோல் வரிசைப்படுத்திய அட்டைகளை ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் கடப்பது அம்முறை. முன்பு எந்தப் படியில் விட்டதோ, திரும்பி வந்ததும் அதே படியில் தொடரலாம். வராத பிள்ளையைத் தண்டிக்காத முறை! அட்டையைக் கடந்ததாகக் குறிப்பதே கல்வியாகப் போயிற்று என்னும் குறை எழுந்தது, அது பொய்யன்று. ஆயினும் அந்த ஏணியின் உள்ளக்கருத்தை நாம் கைவிட்டிருக்கக் கூடாது. 2022 ஜூன் மாதத்தில் நம் திருவள்ளூர் மாவட்டத்து அழிஞ்சிவாக்கத்தில் தொடங்கிவைக்கப்பட்ட 'எண்ணும் எழுத்தும்' திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலைவாரியாகக் கற்பிக்கிறது. பெயர்கள் இனியவை. அரும்பில் யார் யார் நீண்டநாள் தங்கியிருக்கிறார்கள் என்பதைத் தெருவாரியாகப் பார்க்கவேண்டும் என்று ஒரு குறிப்பேடு கேட்கிறது. கேட்டவர் நம் மாலை வகுப்பில் படித்தவர்.

பெற்றோர்களுக்கு மாணவ ஆசிரியர்கள் சார்பில் வேண்டுகோள்கள் இரண்டு. ஏரியின் மீன், இறால், நண்டு, நீர், காற்று, சேறு ஆகியவற்றுக்கு நீங்கள் வழங்கும் சொற்களை அவர்கள் தொகுத்துவருகிறார்கள். கையால் பிடிப்போர் வழங்கும் சொற்கள் அத்தொகுப்பில் மிகக் குறைவு; நீங்கள் மாலை வகுப்புக்கு வந்து சொன்னால்தான் சேரும். தெலுங்கிலும் இருளர் மொழியிலும் வழங்கும் சொற்களும் வேண்டும். மற்றொன்று, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்திற்கு அழைப்பு வரும்போது, கூலி போகிறதே என்று விட்டுவிடாமல் இருவராவது செல்லுங்கள். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் அக்குழுவில் நலிந்த பிரிவுப் பெற்றோர்க்கு இடம் தந்திருக்கிறது. அங்கே நாற்காலி காலியாக இருந்தால், கேள்வித்தாள் ஒட்டிய சுவரை வெள்ளையடித்துவிடுவார்கள்.

கழகத்திற்கும் ஒரு விண்ணப்பம். குறிப்பேடுகள் ஒன்பதையும் எழுதியவர்களின் இசைவோடு, பெயர்களை நீக்கிப் படியெடுத்துக் கொண்டுவந்திருக்கிறேன். கழக நூலகத்தில் வைத்து, அடுத்து வரும் மாணவ ஆசிரியர்கள் படிக்குமாறு செய்யவேண்டுகிறேன். 'பாடு' பாடத்தின் கேள்விகள் முழுமையாக ஏழாம் குறிப்பேட்டின் பிற்பகுதியில் உள்ளன, இருபத்திரண்டு கேள்விகள். ஐந்தாம் வகுப்பில் அவற்றை எழுதிய பிள்ளைகள் வரும் ஆண்டில் எட்டாம் வகுப்புக்குச் செல்கிறார்கள். அவர்களிடம் அத்தாளை மறுபடி காட்டவேண்டும் என்று அந்த மாணவி, இப்போது ஆசிரியை, என்னிடம் கேட்டிருக்கிறார். ஏற்பாடு செய்வதாகச் செயலாளர் அவர்கள் இசைந்துள்ளார்கள்.